தலைமாட்டுத் தகடு

பூரணி ஈரத்துணியின் நுனியைத் திரித்துப் புருசனின் காதுக்குள் விட்டாள். மரத்தூள் வந்தது. மறுபடி விட்டாள். மறுபடியும் வந்தது.

"போதும் பூரணி, காது புண்ணாயிரும்," என்றாள் லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நாகலெட்சுமி. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் சருகு கொளுத்தித் தப்பு மேளங்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கிடத்தியிருந்த அழகுமுத்துவின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. மண்தரை மேடுபள்ளம் என்பதால் நாகலெட்சுமி அதன் அடியில் ஒரு தகட்டை வைத்திருந்தாள். உள்ளங்கை அகலம், கரி படிந்தது, சின்னச் சின்ன ஓட்டைகள்.

மரம் அறுக்கும் மெசினின் சைலன்சருக்குள் இருந்த தகடு அது. தேயிலை ஃபெக்டரிக்கு விறகு போதவில்லை என்று, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாதான் அதைக் கழற்றச் சொன்னார். "புகை தாராளமா வெளிய போனா மெசின் இன்னும் வேகமா அறுக்கும்." மெசின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அமிர்தநாதன் கழற்றிக் கொடுத்தார். வேகமாக அறுக்கத்தான் செய்தது. ஆனால் அதன் சத்தம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொழுந்தெடுக்கும் பூரணிக்கே காதை அடைத்தது. மெசினைப் பிடித்து நிற்கும் அழகுமுத்துவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அழகுமுத்து தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, "குப்பி லாம்புக்கு அடியில வச்சுக்க," என்றான். போகப்போக எதையும் கத்தித்தான் சொன்னான்.

"லயமே வேடிக்க பாக்குது, ஏன் கத்துறீங்க?" என்று அவளும் கத்துவாள்.

"நீ ஏன் புள்ள முணுமுணுக்குற?" என்பான்.

நேற்று, விழுந்து கிடந்த ஒரு மரத்தை மெசினால் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். மேலே, கூட வேலை செய்யும் செல்லசாமி கோடரியால் வெட்டிய மரம் அவன் பக்கம் சரிந்தது. "ஓடுங்கண்ணேன்னு தொண்ட கிழியக் கத்துனேன் மதினி," என்று செல்லசாமி அழுதான். "திரும்பியே பாக்கல."

கண்டாக்கையா வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. பின்னால் அமிர்தநாதன்.

"நாளைக்கு அட்டன் டவுன்லருந்து ஆபீசருங்க விசாரணைக்கு வாறாங்க. உன் புருசனுக்குப் பொறவியிலயே காது மந்தம்னு சொல்லிரு. தோட்டத்துக்கு மறைச்சுத்தானே வேல செஞ்சிருக்கான்?"

பூரணி துணியைப் பிழிந்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப நான் அடுப்படியில முணுமுணுத்தது வாசல்ல இருந்தவருக்குக் கேட்டுச்சுங்க. அந்தக் காதக் கெடுத்தது யாருங்க? கெடுத்துப்புட்டு, செத்தவர் மேலயே பழியப் போடுறீங்களே!"

கண்டாக்கையா அமிர்தநாதனைப் பார்த்தார்.

அமிர்தநாதன் குனிந்து தணிந்த குரலில், "அந்தத் தகடு எங்கம்மா? வாறவங்க பாக்குறதுக்குள்ள மெசின்ல திரும்ப மாட்டணுமாம். புதுசு செஞ்சா பளபளன்னு காட்டிக் குடுத்துரும்," என்றார்.

அவர் கண்ணே தேடிக் கண்டுபிடித்தது. கை விளக்கை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க!" நாகலெட்சுமி குறுக்கே விழுந்தாள். "தலைமாட்டு வெளக்கு. கருமாதி முடியிற வரைக்கும் அணையவும் கூடாது, நகரவும் கூடாது."

"ஒரு தகரத் துண்டுக்கா இவ்வளவு?" என்றார் கண்டாக்கையா. "வேற ஒன்ன வச்சுக்கங்க. எடுப்பா."

தப்புக்காரர்கள் எழுந்து நின்றார்கள். செல்லசாமி வாசற்படிக்கு வந்துவிட்டான்.

அமிர்தநாதன் நீட்டிய கையை இழுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நான் எடுக்க மாட்டேங்கய்யா. கழட்டுனதே போதும்."

கண்டாக்கையா தானே எடுக்கலாம். இரண்டடி தூரம்தான். குனியவில்லை. திரும்பிப் போனார்.

பிற்பகல் தூக்கினார்கள். தப்புச் சத்தம் தேயிலைக்குள் இறங்கி, வளைவில் தேய்ந்தது. பெண்கள் காம்பராவைச் சாணி போட்டு மெழுகினார்கள். விளக்கைச் சுற்றி மட்டும் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மேட்டில் ஜீப் ஏறும் சத்தம் கேட்டது. பூரணி தகட்டின் மேலிருந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு எழுந்துபோய், ஒருக்களித்திருந்த கதவை முழுவதுமாகத் திறந்து வைத்தாள்.