வார்ப்பிரும்பு அறை

எங்கோ ஓர் ஆலையில் உடைந்த விசிறி இறக்கை ஆற்றைத் தாண்டிப் பறந்து வந்து, அதைச் செய்து அனுப்பிய பட்டறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னவரின் இடது காதை அறுத்தது. அந்த இறக்கைக்கு அலுமினியம் போதும் என்று சொன்னவர் அவர்தான். அதன்பின் அந்தப் பட்டறை செய்து அனுப்பிய பாகம் எங்கே உடைந்தாலும், அதற்கு உலோகமோ பிளாஸ்டிக்கோ தேர்ந்தெடுத்தவரைத் தேடி வந்து அடித்தது. பித்தளைத் திருகு சின்னவரின் கன்னத்தில் ஏறியது. எஃகுச் சுருள்வில் முன்பற்களைக் கொண்டுபோனது. உடைந்த சன்னல் கண்ணாடியை மாற்றி மாற்றி அலுத்துப்போய், அவர் மேசைக்கு எதிரே இருந்த சன்னலை வெறுமனே திறந்துவிட்டார்கள். வழி விட்டால் அடி லேசாக விழும். அடைத்தால் உள்ளே வரும்வரை முட்டும். மழைக்குக் குடை எடுப்பதைப் போல எல்லோரும் இதற்குப் பழகியிருந்தார்கள். சின்னவர் ஒவ்வொரு மாதிரித் துண்டையும் ஊறப்போட்டு, வளைத்து, சுத்தியலால் அடித்துப் பார்த்த பிறகே வாய் திறந்தார். பல வருடங்கள் அந்தச் சன்னல் வழியே காக்கைதான் வந்தது.

பிறகு புட்டி கழுவும் இயந்திரத்துக்குச் சங்கிலிச் சக்கரம் கேட்டு வந்தார்கள். சின்னவர் வெண்கலம் என்றார். பட்டறையின் முதலாளியான அண்ணன், பெரியவர், நைலான் என்றார்; சீக்கிரம் முடியும், சத்தமும் வராது.

"வெந்நீர்லயே கிடக்கிற சக்கரம்ண்ணே. நைலான் தண்ணி குடிச்சு உப்பும், பல்லு சிக்கும். பக்கத்துல கை வெச்சு வேலை செய்றாங்க."

"காது போனதுலேர்ந்து உனக்கு எதைப் பார்த்தாலும் நடுக்கம். நைலான்தான். நீ சொன்னதா இருக்கட்டும்."

சாப்பாடு கொண்டுவந்திருந்த சின்னவரின் மனைவி தூக்கை மேசையில் வைத்தாள். "அடி விழ இவர் உடம்புல இன்னும் இடம் எங்க இருக்கு, மாமா?" என்றாள். பெரியவர் சிரித்தார். சின்னவர் அதற்குமேல் எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டார். நைலான் போனது.

சிரித்தாலும் பெரியவருக்கு உள்ளூர உதறல் இருந்தது. பட்டறை நடுவே, நான்கு பக்கமும் வார்ப்பிரும்புப் பலகை நிறுத்தி, தனக்கு ஓர் அறை கட்டிக்கொண்டார். வார்ப்பிரும்பு பாரம் தாங்கும், அடி தாங்காது, சாதா எஃகுத் தகடு போடுங்கள், வளையுமே தவிர உடையாது என்று தம்பி சொல்லிப் பார்த்தார். நான் செத்தால் பட்டறை உனக்குத்தானே என்றார் பெரியவர். அதோடு பேச்சு முடிந்தது.

மழைக்காலம் முடியுமுன் சக்கரம் உப்பிச் சிக்கியது. அறுந்த சங்கிலி புட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் கையை முழங்கையோடு பிய்த்தது. சக்கரம் ரத்தம் சொட்டச் சன்னல் வழியே வந்தபோதுதான் பட்டறைக்குச் சேதி தெரிந்தது. சின்னவரின் மனைவி புருஷனுக்குக் குறுக்கே போய் நின்றாள். சக்கரம் அவர்களைத் தாண்டிப்போய் இரும்பு அறையை முட்டத் தொடங்கியது.

"டேய், இது உனக்கு வந்ததுடா" என்று உள்ளிருந்து பெரியவரின் குரல் கேட்டது.

"கதவைத் திறந்துடுங்கண்ணே. வெறும் நைலான். நெத்தி வீங்கும், அவ்வளவுதான்."

அவர் திறக்கவில்லை. ஆட்கள் அந்தச் சத்தத்திலேயே கடைசல் வேலையைப் பார்த்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பலகை விரிசல் விட்டது. அடுத்த அடியில் சில்லுச் சில்லாகச் சிதறியது. அந்த இரும்பையும் தேர்ந்தெடுத்தவர் பெரியவர்தான். ஒரு சில்லுகூட வெளியே வரவில்லை. அத்தனையும் உள்பக்கம் திரும்பின. மற்ற மூன்று பலகைகளும் அதே வழியில் போயின. பெரியவரின் மனைவி வந்து பார்த்தபோது, இரும்பு எது, மனுஷன் எது என்று பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளியிருந்தார்கள்.

குவியலிலிருந்து கடைசியாகச் சக்கரம் எழுந்தது. நேராகச் சின்னவரிடம் வந்து, நெற்றியில் ஒரே ஒரு முறை முட்டிவிட்டு, அவர் காலடியில் விழுந்தது. மனைவி முந்தானையால் ரத்தத்தைத் துடைத்து, "நீங்க எதுவும் சொல்லலையே, உங்களுக்கு ஏன்?" என்றாள்.

"அதுக்குத்தான்" என்றார் அவர்.

மறுநாள் வெண்கலத்தில் வேறு சக்கரம் கடைந்து அனுப்பினார்கள். சன்னல் திறந்தே இருக்கிறது.