ஐந்தாவது ஏன்

1

இந்தக் கதை திருட்டுச் சொத்து. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைப் பிடித்துக்கொள்வதைவிட அது மேல்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்பெனியில் சேர வருகிற பிள்ளைகளுக்கு பயோடேட்டா அடித்துக் கொடுப்பது பிழைப்பு. ஆள் இல்லாத நேரத்தில் கதை எழுதுவது வியாதி. போன மாதம் ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையும் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமியுமாக வந்தாள். லாட்ஜில் கொடுப்பதற்கு ஆதார் நகல், இன்னும் சில காகிதங்களுக்கு நகல், போனிலிருந்து ஒரு புதுவீட்டு அழைப்பிதழின் பிரிண்ட். எல்லாம் வாங்கிக்கொண்டு போனாள். ஆதாரை மறக்கவில்லை, குழந்தையின் தொப்பியை மறக்கவில்லை. மெஷின் மூடிக்கு அடியில், கண்ணாடிமேல் ஒரு தாளை மறந்துவிட்டாள். எல்லாரும் மறப்பதுதான். எடுத்துப் பத்திரமாக வைப்பது என் வேலை. எடுத்துப் படித்தது என் புத்தி.

ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தத் தாள் தெரியும். உற்பத்தி லைனில் ஒரு கோளாறு வந்தால் ‘ஏன்?’ என்று கேட்டுப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலைப் பிடித்து இன்னொரு ‘ஏன்?’. இப்படி ஐந்து தடவை. ஐந்தாவதில் வேர் அகப்பட்டுவிடும் என்பது கம்பெனி வேதம். ‘ஒய்-ஒய் ஷீட்’ என்பார்கள். இந்தத் தாளில் ‘கோளாறு’ என்ற கட்டத்தில் பேனாவால் எழுதியிருந்தது: ‘காரில்தான் போகணும்.’ நான்கு கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஐந்தாவது காலி.

காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

2

முதல் தொடக்கம்: ‘தொழிற்சாலைப் புகைக்கு நடுவே அந்த இளம் தாயின் கனவு—’

[கோடு போட்டு அடித்தாயிற்று. அவளுக்குக் கனவு காண நேரம் கிடையாது. கிடைத்தால் தூங்குவாள்.]

இரண்டாம் தொடக்கம்: ‘அந்த வெள்ளைக் கார் விடியற்காலை நான்கு மணிக்கு—’

[கார் இப்போதைக்குக் கிளம்பாது. பொறுக்க வேண்டும்.]

மூன்றாவது நிற்கிறது:

மாரிசெல்வி ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான்.* ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரி. பத்தொன்பது வயதில் ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தாள்; காருக்குள் போகும் வயர்களைக் கட்டுகிற கம்பெனியில் இப்போது லைன் லீடர். அந்தக் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவன் சாம்சன், பென்னலூர்க்காரன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனைக் கட்டிக்கொண்டாள். ஜாதி வேறு, வேதம் வேறு. “எனக்குத் தங்கச்சி கிடையாது” என்று அண்ணன் இசக்கிதுரை போனை வைத்தான். அப்புறம் எடுக்கவே இல்லை. சத்யப்பிரியா பிறந்து ஐந்தரை வயதாகிவிட்டது, அன்பு பிறந்து எட்டு மாதம். இரண்டு பிள்ளைகளையும் தாய்மாமன் பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை டீ பிரேக்கில் அண்ணன் நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. புது வீட்டுப் பால்காய்ப்பு அழைப்பிதழ். படம் மட்டும்தான். வா என்று ஒரு வார்த்தை கிடையாது. இவளுக்கென்றே அனுப்பினானா, போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் தட்டிவிட்டதில் இவள் பேரும் மாட்டிக்கொண்டதா? ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்டு, ‘தெரியாம வந்துட்டு’ என்று பதில் வந்தால் என்ன செய்வது? அவள் கேட்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடப்பிறந்தவள்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே சாம்சனிடம் சொல்லிவிட்டாள்.

“அண்ணன் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போறோம். நாலு பேரும்.”

“கைக்கொழந்தய தூக்கிக்கினு அறநூறு கிலோமீட்டரா? சரி, டிரெய்ன் பாக்றேன். செங்கல்பட்டுல ஏறிக்கலாம்.”

“கார்ல போறோம்.”

“ஏன்?”

“ஏன்னா, கார்லதான் போறோம்.”

சாம்சன் சிரித்துவிட்டான். “இன்னா லைன் லீடரம்மா, கம்பெனில எல்லாரையும் ஏன் ஏன்னு கேட்டுக் கொல்றல்ல? எனக்கும் ஒரு ஷீட் போட்டுக் குடு. சரியா இருந்தா கையெழுத்துப் போட்றேன்.”

விளையாட்டுக்குச் சொன்னான். அவள் பையிலிருந்து ஒரு காலி ஃபார்மை எடுத்து, சமையல் மேடையிலேயே வைத்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

* பெயர்களெல்லாம் நான் வைத்தவை. உண்மையான பெயர் ஆதாரில் இருந்தது. அவ்வளவு தூரம் திருடமாட்டேன்.

3

அந்த நான்கு பதில்கள்: ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். பஸ்ஸில் பெரியவளுக்குக் குமட்டும். குமட்டலுக்கு மருந்து கொடுத்தால் அவள் தூங்குவாள், சின்னவன் தூங்கமாட்டான். சின்னவனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கஞ்சி, அதற்கு வண்டி நிற்க வேண்டும்.

நல்ல சூப்பர்வைசர் பார்த்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார். வேருக்குப் போகாமல் கிளைக்குக் கிளை தாவுகிறது. எல்லாம் உண்மை, ஒன்றும் காரணமில்லை. லைன் லீடருக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தே எழுதியிருக்கிறாள். கீழே, ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கும்போதே, ‘ஓ.கே. — சாம்சன்’ என்று கையெழுத்து. இந்த ஆளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பொண்டாட்டி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற புருஷனை வாசகர்கள் நம்புவார்களா என்று யோசித்து, அவனுக்கு ஒரு சண்டை எழுதிப் பார்த்தேன்:

‘“என்னையே கேவலமாப் பேசுன ஊருக்கு நான் ஏன்—” என்று சாம்சன் தட்டை—’

[தட்டை வீசவிட்டால் அப்புறம் அவனேதான் பொறுக்க வேண்டும். அடித்தாயிற்று.]

4

கம்பெனியில் எந்தப் புது மாடலையும் நேராக ஓட்டமாட்டார்கள். முதலில் ட்ரையல். மாரிசெல்வியும் அப்படித்தான். ஞாயிறுதோறும் பிள்ளைகளையும் ஃபிளாஸ்கையும் மாற்றுத் துணியையும் வீட்டில் இருந்த பழைய வெள்ளைக் காரில் ஏற்றி, கையில் நோட்டோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

முதல் ட்ரையல் பதினோரு நிமிஷம். குழந்தை சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்த அன்பு, ஒரகடம் மேம்பாலம் கண்ணில் படுவதற்கு முன்பே ஊரைக் கூட்டினான். மடியில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னான் சாம்சன். “வண்டி ஓடும்போது மடி கெடையாது” என்றாள் அவள். வீட்டுக்கு வந்து அந்த சீட்டைக் கழற்றிக் கூடத்தில் போட்டு, ஒரு வாரம் ஒவ்வொரு வேளைக் கஞ்சியையும் அதில் உட்காரவைத்தே ஊட்டினாள். அடுத்த ஞாயிறு அவன் சீட்டைக் கண்டதும் வாயைத் திறந்தான், கஞ்சிக்கு.

இரண்டாவது ட்ரையலில் சத்யப்பிரியா போன் பார்த்துக்கொண்டே வந்து சேரப்பணஞ்சேரியில் வாந்தியெடுத்தாள். நோட்டில்: ‘போன் கூடாது. ஜன்னல் ஓரம். எலுமிச்சை.’

பக்கத்து வீட்டில்தான் சாம்சனின் அக்கா லூர்தம்மாள். மூன்றாவது ஞாயிறு வாசலில் நின்று கேட்டாள்: “இன்னா செல்வி, வாராவாரம் டெஸ்டிங்கா? போறவங்க கெளம்பிப் போய்க்கினே இருக்கறாங்க. நீ ஒத்திக பாத்துக்கினு கீற.”

“போனா போயிச் சேரணும்லா மதினி.”

மூன்றாவது ட்ரையல் திண்டிவனம் வரை போய்த் திரும்பியது. இரண்டு இடத்தில் நிறுத்தம், அழுகை மொத்தம் நான்கு நிமிஷம், வாந்தி இல்லை. நோட்டில் ‘பாஸ்’ என்று எழுதி வட்டம் போட்டாள். திருச்சியில் ஒரு ராத்திரி தங்கல், மறுநாள் மதுரை, எட்டயபுரம், பால்காய்ப்புக்கு முந்தின சாயங்காலம் ஊர். நான்கு நாள் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

5

இந்த இடத்தில் ஒரு பாவத்தைச் சொல்ல வேண்டும். கைக்குழந்தை, கார், நெடுஞ்சாலை என்று மூன்றும் கதைக்குள் வந்துவிட்டால் எழுதுகிறவன் மனம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் போயிற்று.

‘உளுந்தூர்பேட்டையைத் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில், எதிர்த்திசையில் ஏறி வந்த லாரியின்—’

[வேண்டாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் ட்ரையல் பார்த்தது இதற்காகவா? வெட்கமாக இருந்தது. இந்தக் கதையில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. இது என் கையெழுத்து.]

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருந்தேன். ஐந்தாவது கட்டத்தை நானே நிரப்பிவிட்டேன்: ‘சொந்த ஊரில் காரில் போய் இறங்கிக் காட்டணும்.’ பெருமைக்காகப் போகிறாள் என்று தீர்மானித்து, அதற்கேற்ப ஒரு முழுக் கதையையும் எழுதி முடித்திருந்தேன். அப்போது அண்ணன் சண்டையெல்லாம் எனக்குத் தெரியாது.

6

போன சனிக்கிழமை அவள் மறுபடி வந்தாள்.

“அண்ணாச்சி, ஒரு தாள விட்டுட்டுப் போயிட்டேன். இருக்கா?”

எடுத்துக் கொடுத்தேன். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“படிச்சியளா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “படிச்சேன்மா. அஞ்சாவது காலியா கீதே?”

“எழுதுனா எங்க வீட்டுல அவுக படிச்சிருவாகல்லா” என்றாள். பிறகு, அவசரமில்லாத ஒரு நேரம் கிடைத்ததாலோ, முன்பின் தெரியாத ஆள் என்பதாலோ, சொன்னாள். அண்ணனையும், ஏழு வருஷத்தையும், வார்த்தையில்லாமல் வந்த அந்தப் படத்தையும், மூன்று ஞாயிறு ட்ரையலையும். இரண்டாம், நான்காம் பகுதிகளில் நீங்கள் படித்ததெல்லாம் அதற்குப் பிறகு நான் திருத்தி எழுதியது.

“பஸ்ல போனா எங்கூரு ஸ்டாப்புல எறங்கணும், அண்ணாச்சி. அண்ணன் வாசல்லயே நிறுத்திட்டான்னு வைங்க. அடுத்த பஸ்ஸு ரெண்டு மணி நேரங் கழிச்சுத்தான். அதுவரைக்கும் எங்க வீட்டுக்காரரு ரெண்டு பிள்ளையளையும் தூக்கிட்டு அந்த ஸ்டாப்புல நிக்கணும். ஊரே வந்து வேடிக்க பாக்கும். என்னயப் பாத்துட்டுப் போட்டும், நான் பொறந்த ஊருதான. அவுகள அப்பிடி நிக்கவிட மாட்டேன். கார்னா வாசல்லயே திருப்பிட்டு வந்துரலாம்லா.”

என் பெருமைக் கதை அந்த நிமிஷமே செத்தது. இருந்தாலும் கேட்டேன்: “அப்படி ஒரு பயம் இருந்தா, போவாமயே இருந்துடலாமேம்மா?”

“அதெப்பிடி?” என்றாள், நான் ஏதோ புரியாத பாஷை பேசியதுபோல. “படம் வந்திருக்குல்லா.”

தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள்.

7

இன்று புதன். ஆகவே இதற்குமேல் நடப்பது எனக்குத் தெரியாது. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அண்ணன் ஓடிவந்து பிள்ளைகளை அள்ளிக்கொள்கிறான். [எழுதும்போது நன்றாக அழுதேன். அதனாலேயே சந்தேகம்.]

இரண்டு: கேட் பூட்டியிருக்கிறது. [ஏழு வருஷம் பூட்டிக் கிடந்ததே போதும்.]

மூன்று: “எல்லாருக்கும் அனுப்புனேன், ஒனக்கும் வந்துட்டா?” என்கிறான். [இதை எழுதியதும் கடையை அடைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.]

மூன்றையும் கிழித்துவிட்டேன். என்னால் எழுத முடிந்தது வாசல் வரைதான்:

அந்தச் சாயங்காலம், கார் புது வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தது. யாரும் சொல்லாமலே சாம்சன் ரிவர்ஸ் எடுத்து, காரின் முகம் மெயின் ரோட்டைப் பார்க்கிறபடி திருப்பி நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. மாரிசெல்வி அவனையே பார்த்தாள். எழுதாத கட்டத்தையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் அன்றைக்கு அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

“வண்டிய அமத்துங்க.”

“ஓடட்டும் செல்வி. கொழந்த தூங்கிக்கினு கீறான்.”

“அமத்துங்க. பிள்ளய எழுப்புங்க. மாமா வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு எவனாவது வண்டியில தூங்குவானா? சாவிய இங்க குடுங்க.”

சாவியை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டு அவள் இறங்கினாள். ஒரு பக்கம் சத்யப்பிரியா. பின்னால், அரைத்தூக்கத்தில் சிணுங்கும் மகனோடு சாம்சன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தாள்.

இனி நீங்கள் எழுதலாம். கதவை யார் திறக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எல்லாம் உங்கள் விருப்பம். இசக்கிதுரையை எவ்வளவு கல்நெஞ்சனாக வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளுங்கள். அவள் கையிலிருந்து அந்தச் சாவியை மட்டும் பிடுங்கிக் காரைக் கிளப்பிவிடாதீர்கள்.