வீட்டோடு ஒரு விலை, வீடில்லாமல் ஒரு விலை

திண்டிவனத்தில் கோதண்டபாணி வீட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு பூசிய வருஷம், மூன்று தாலுகாவிலும் ஒரு கோழிகூடக் குஞ்சைக் கண்ணால் பார்க்கவில்லை. தரை அதைவிடப் பளபளப்பு. ஒரு காக்கை உள்ளே வந்து, தரையில் தெரிந்த இன்னொரு காக்கையோடு மூன்று நாள் சண்டை போட்டது. நாலாம் நாள் சமாதானமாகி அதோடேயே குடித்தனம் நடத்தியது. விழுப்புரம் ஜங்ஷனில் முப்பத்து நாலு வருஷம் தண்டவாளம் பார்த்தவன் நான். எது கோணல், எது நேர் என்று எனக்குத் தெரியும். அந்த வீடு நேர்.

அது விலைக்கு வருகிறதென்று 2009-இல் தெரிந்ததும், ரிடையர்மெண்ட் பணத்தை எடுக்கச் சொன்னாள் என் மனைவி ஜெயம். பெருமுக்கல் பக்கம் காலனியில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. "இது போதாதா?" என்றேன்.

"சின்ன வயசுல பத்து வருசம் அந்த வீட்டுப் பின்வாசல்ல குந்திக்கினு மல்லாட்டைக் கடலை உரிச்சிருக்கேன். உள்ள எத்தினி ரூம்னு இன்னிக்கும் தெரியாது. ஒரு நாளாவது அதுல படுத்து எழுந்திரிக்கணும்."

மேஸ்திரி பச்சமுத்துவையும் அழைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போனோம். கோதண்டபாணி வாசலுக்கே வந்து "வாங்க" என்றார். எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறாரென்று திரும்பிப் பார்த்தேன். தெருவில் ஒரு ஆடுதான் நின்றது.

ஜெயம் முன்வாசல் வழியாக நுழைந்தாள். ஒவ்வொரு அறையாகப் போய் விரல்விட்டு எண்ணினாள். ஏழு. "இவ்ளோதானா? நான் இருவது இருக்கும்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒயரிங் மாத்தணும். ஓட்டுக்கடியில நாலு கைமரம் மாத்தணும். உள்ள ஒரு பாத்ரூம். மத்தபடி, அண்ணே, இது பேரப்புள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்," என்றான் பச்சமுத்து. சுவர் எப்படியென்று அவன் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்ததில் கடப்பாறை வளைந்துவிட்டது. இன்றைக்கு அவன் வீட்டுத் தொட்டிலுக்கு அதுதான் கொக்கி.

"பின்வாசல மட்டும் கல்லு வெச்சி அடைச்சிடு," என்றாள் ஜெயம்.

"ஏன்க்கா? காத்து வருமே."

"காத்தும் முன்வாசல்லியே வரட்டும்."

கோதண்டபாணி விலை சொன்னார். ஒன்றல்ல, இரண்டு. "வீட்டோட பதினாலு லட்சம். இடிச்சிட்டுப் புதுசா கட்டிக்கிறதா இருந்தா பதினொண்ணு."

எந்த ஊரிலும் கேள்விப்படாத தள்ளுபடி. "நாங்க இடிச்சா உங்களுக்கு எதுக்கு மூணு லட்சம் நஷ்டம், ஐயா?" என்றேன்.

"பழைய வீடு, இருதயராஜு. பூச்சி பொட்டு வரும். உங்க நல்லதுக்குத்தான்."

"பேரப்புள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்னு மேஸ்திரி சொல்றாரே," என்றாள் ஜெயம்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தோ பாரும்மா. நான் அந்த மாதிரி ஆளு இல்ல. ஆனா எங்கப்பா பொறந்த ரூமு, செத்த ரூமு. அதுல நீங்க சமைச்சிக்கினு, படுத்துக்கினு... தெருவுல நாலு பேரு என்னையத்தான கேப்பாங்க?"

திரும்பும் வழியில் பச்சமுத்து, "அண்ணே, பதினொண்ணுக்கே முடி. மிச்சத்துல மாடியே போட்டுத் தர்றேன்," என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மானத்துக்கு மூன்று லட்சம் மோசமான விலையில்லை. வேலையில் இருந்தபோது அதைவிட மலிவாக விற்றிருக்கிறேன்.

"பதினாலு குடு," என்றாள் ஜெயம். "இடிக்கறதுக்கா ஆசப்பட்டேன்?"

ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தோம். சாமான்களை எடுக்க ஒரு மாதம் தவணை கேட்டார் கோதண்டபாணி. சரியென்றேன். முப்பத்து நாலு வருஷம் சிவப்புக் கொடி பிடித்தவனுக்கு, கண்ணெதிரே ஆடிய கொடி தெரியவில்லை.

பத்திரப் பதிவன்று காலையில், முதலில் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் ஜெயம். புதுப் பூட்டு ஒன்றும் வாங்கியிருந்தாள். தெருமுனையிலிருந்தே வானம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. வீடு இல்லை. இரண்டு பொக்லைன்கள் ஒன்பது நாள் மோதினவாம். இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. மனையைச் சமமாக்கிப் பெருக்கிக்கூட விட்டிருந்தார்கள். ஜெயம் அதன் நடுவில் போய் நின்று, எந்த அறையில் நிற்கிறோம் என்று பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை.

பதிவு அலுவலக வாசலில் கோதண்டபாணி மலர்ந்த முகத்தோடு காத்திருந்தார். "இடிக்கிற செலவும் என்னுதாவே போவட்டும். பதினாலு வாணாம், பதினொண்ணே குடுங்க. நாணயமா நடந்துக்கினேன் இல்ல?"

"யாரு சார் செய்வாங்க இந்தக் காலத்துல?" என்றார் பத்திரம் எழுதுகிறவர்.

எனக்கு மறுபடியும் பதினொன்று நியாயமாகத் தோன்றியது. "மனையாவது..." என்று ஆரம்பித்தேன்.

ஜெயம் பத்திரத்தாளை எழுதுகிறவர் பக்கம் தள்ளினாள். "எழுதாதீங்க. ஐயா எங்களுக்கு வீட்ட விக்கலைங்க. எங்ககிட்டயிருந்து காப்பாத்திக்கினாரு. மண்ணையும் அவரே வெச்சிக்கட்டும்."

"நல்லதுக்குக் காலமில்ல," என்றார் கோதண்டபாணி. அட்வான்ஸை ஒரு ரூபாய் குறையாமல் பையிலிருந்து எடுத்தார். என் கை நீட்டியபடிதான் இருந்தது. அவர் பெஞ்சின்மேல் வைத்தார். ஜெயம் அதற்குள் பஸ் நிற்கும் பக்கம் நடந்துவிட்டாள். கட்டின் ரப்பர் அறுந்து, நாலைந்து நோட்டுகள் காற்றில் பெஞ்சுக்கு அடியில் ஓடின. நான் மண்டியிட்டுப் பொறுக்கினேன்.