திருப்பதி வைத்தியம்

"நீங்க ரொம்பக் களைச்சிட்டீங்கக்கா, திருப்பதி, காளஹஸ்தின்னு மூணு நாள் போய்ட்டு வாங்க" என்று ஸ்ரீநாத் சொன்னபோது வசந்தகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நினைத்துத்தான் பிறகு தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

பதினெட்டு வருடங்களுக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேக்கரி மாடியில் இருவரும் சேர்ந்து தொடங்கியது 'ஸ்ரீவசந்த் கேபிடல்'. இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்று பெயர்ப் பலகை சொல்லும். பேங்க் என்று நம்பிப் பணம் போட வந்தவர்களும் உண்டு. உண்மையில் அது தரகு. கம்பெனியை விற்க நினைக்கும் முதலாளிக்கு வாங்க ஆள் பிடித்துத் தருவது. அதிலும் அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளும் சின்ன ஃபேக்டரிகள்தான் இவர்களுடைய தனிச் சரக்கு. ஸ்ரீநாத் ஆங்கிலம் பேசுவான். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்து ஆடிட்டரான வசந்தகுமாரி குடும்பங்களைப் பேசிக் கரைப்பாள். அவள் கரைக்காத குடும்பம் இந்தப் பக்கம் இல்லை.

காலையில் கார் அண்ணனூர் ஃபிளாட் வாசலில் வந்து நின்றது. ஓட்டியவர் அறுபதை நெருங்கிய ஆள். திருநின்றவூர் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. வேப்பம்பட்டு நெருங்கும்போது கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"இன்னா மேடம், அட்யாளம் தெர்லியா? ஜம்புலிங்கம். திருமழிசை போல்ட்டு கம்பெனி."

ஸ்ரீவசந்த் விற்ற முதல் கம்பெனி அது. அண்ணன் விற்கத் துடித்தார், தம்பி ஜம்புலிங்கம் முடியாது என்றார். வாங்க வருகிறவர்கள் முன்னால் கத்திக் காரியத்தைக் கெடுப்பார் என்று, அண்ணனுக்கு வசந்தகுமாரிதான் வழி சொன்னாள். "பேங்க் வேலைன்னு சொல்லி ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கிட்டு, தம்பியத் திருப்பதிக்கு அனுப்புங்க. யாராவது கேட்டா, அவனுக்குத் தொழில்ல நாட்டமில்ல, கோயில் குளம்னு போயிடுவான்னு சொல்லுங்க." அது பலித்தது. பிறகு எத்தனையோ தம்பிகளுக்கு அதே மருந்துதான். 'திருப்பதி வைத்தியம்' என்று சொல்லிச் சொல்லி ஆபீஸே சிரிக்கும்.

"பூந்தமல்லில டிராவல்ஸ் வச்சிக்கிறேன். திருப்பதிக்கு வண்டி வேணும்னு உங்க ஆபீஸ்லந்து போன் வந்துச்சு. போற ஆளு யாருன்னு கேட்டேன். டிரைவர ஊட்டுக்கு அனுப்பிட்டு நானே வந்துட்டேன்" என்றார் ஜம்புலிங்கம். "பவர் எழுதிக் குட்த்துட்டீங்களா?"

நேற்றுத்தான் ஜி.எஸ்.டி. வேலை என்று ஸ்ரீநாத் நீட்டிய பவரில் கையெழுத்துப் போட்டிருந்தாள். மும்பை கம்பெனி ஒன்று ஸ்ரீவசந்தை விலைக்குக் கேட்டதும், அவள் முடியாதென்று மேஜையைத் தட்டியதும் போன மாதம். தன் கையாலேயே வளர்த்ததை எவனோ விழுங்குவதா என்று அன்று கத்தியிருந்தாள்.

"உங்க பங்குப் பணம் உங்களுக்கு ஒழுங்கா வந்துச்சுல்ல?" என்றாள், ஆத்திரத்தை யார்மேல் கொட்டுவது என்று தெரியாமல்.

"வந்துச்சே. அதுலதான் இந்த டிராவல்ஸு. உங்களுக்கும் வரும், கவலப்படாதீங்க."

"வண்டியத் திருப்புங்க."

அவர் சாவகாசமாக ஓரம் கட்டினார். "மேடம், நான் ஒண்ணும் உங்கள காப்பாத்த வர்ல. என்ன அனுப்புன யோசன உங்களுதுன்னு அண்ணனே சொல்லிட்டாரு. உங்க மூஞ்சி எப்டி மாறுதுன்னு பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டேன். ஆனா ஒண்ணு. உங்களுக்குப் பாதி வழில சொல்ல ஒரு ஆளு கீது. நான் லட்டோட திரும்பி வந்தப்ப கேட்ல வாட்ச்மேன் சொன்னான், உள்ள விடக்கூடாதுன்னு."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் காறித் துப்பியிருப்பார். அம்பத்தூர் வரும்வரை இருவரும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டே வந்தார்கள்.

ஆபீஸ் மாடியில், மீட்டிங் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. மும்பை கம்பெனியின் சார்பில் ராகவன் என்கிற தமிழ்க்காரர் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீநாத்தின் குரல் தேனாக வழிந்தது.

"என் பார்ட்னருக்குத் தொழில்ல நாட்டமில்ல சார். கோயில் குளம்னு போயிடுவாங்க."

சொல் மாறவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தது அப்படியே இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்ரீநாத்தின் முகம் வெளிறியது.

"அக்கா... திருப்பதி..."

"நேத்து குடுத்த பவர ரத்து பண்றேன். என் கையெழுத்து இல்லாம ஒரு நாற்காலியக்கூட நீ விக்க முடியாது."

"மேடம், நீங்க?" என்றார் ராகவன்.

"கோயிலுக்குப் போன பார்ட்னர்."

ராகவன் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். கூப்பிடாமலேயே படியேறி வந்திருந்த ஜம்புலிங்கம், கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்.

"இவர் யாரு?"

டிரைவர் என்று சொல்லிவிடலாம். ஸ்ரீநாத்தும் அதைத்தான் கண்ணால் கெஞ்சினான். ஜம்புலிங்கம் அசையாமல் அவள் வாயையே பார்த்தார்.

"எனக்கு முன்னாடி போனவர்" என்றாள் வசந்தகுமாரி. "அவர அனுப்பினது நான்."