ஜோடியில்லாத குலம்

வாசுவுக்கு 1,387. எனக்கு 1,386. மூன்று வாரமாக இந்த ஒன்று என் உயிரை வாங்கியது. வெள்ளிக்கிழமை என் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்தாக வேண்டும். இனி தவணை கிடையாது.

இயற்கணிதத்தில் தீர்வுடைய குலங்கள் என்பவை எளிய துண்டுகளிலிருந்து படிப்படியாகக் கட்டப்படும் கணித அமைப்புகள். குறிப்பிட்ட அளவில் அவை மொத்தம் எத்தனை என்று கணினியில் கணக்கெடுப்பதுதான் எனக்கும் என் சக ஆய்வாளன் வாசுவுக்கும் வேலை. கட்டும்போது ஒரே குலம் வேறு வேறு வேஷத்தில் பத்து தடவை வந்து நிற்கும். இரட்டைகளைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். இருவரும் தனித்தனியே நிரல் எழுதுவோம். எண் ஒத்துப்போகும்வரை பட்டியலைக் காட்டக் கூடாது. விதி என்னுடையது.

வாசு ஒரு மந்தம். ஒவ்வொரு ஜோடியையும் முழுசாக ஒப்பிட்டுப் பதினொரு நாள் ஓட்டினான். நான் கைரேகை பார்ப்பேன். எந்த வகை உறுப்பு எத்தனை என்று எண்ணிய குறிப்புதான் கைரேகை. அது ஒத்துப்போனால் இரண்டும் ஒரே குலம், ஒன்றைத் தூக்கி எறி. இருபதே நிமிடம்! இந்த அளவுக்குக் கைரேகையே போதும் என்று நாற்பத்தொரு பக்கத்தில் நிரூபிக்கும் மூன்றாம் அத்தியாயம்தான் என் ஆய்வேட்டின் முதுகெலும்பு.

புதன்கிழமை பொறுக்க முடியாமல் அவனை ரவாங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வரவழைத்தேன். சாப்பாட்டுக் கடையில் அவன் உட்காருவதற்குள் கத்தினேன்.

"ஒன்ன ரெண்டு தடவ எண்ணிருக்க வாசு. ஒத்துக்கோ லா!"

"மூனு வாரமா லிஸ்ட்ட காட்டுன்னு கேக்கறேன். ஜோடி சேத்துப் பாத்தா தெரிஞ்சிரும்."

அவன் அசடு வழிவதைப் பார்க்கும் ஆசையில் கொடுத்தேன். வாழையிலையை மடிப்பதற்குள் அவன் மடிக்கணினியில் 1,386 குலங்கள் ஜோடி சேர்ந்துவிட்டன. அவன் பட்டியலில் ஒன்று தனியாக நின்றது.

அதன் கைரேகை என் 912-ஆம் குலத்துக்கும் இருந்தது, ஓர் எண்கூட மாறாமல். ஆனால் 912-க்குள் இருந்த ஒரு துணைக்குலம் இதில் இல்லவே இல்லை. இரண்டும் வெவ்வேறு. இரட்டை என்று நினைத்து நானே தூக்கி எறிந்திருக்கிறேன்.

"கண்டுபிடிச்சாச்சு லா, லோகா!" வாசு மேசையைத் தட்டினான். என் மூன்றாம் அத்தியாயத்தை அவன் படித்ததில்லை. "ஏன் மூஞ்சி அப்படி இருக்கு? வெள்ளிக்குள்ள இன்னும் எத்தன பக்கம் எழுதணும்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எழுதறதுக்கு ஒன்னும் இல்ல," என்றேன். "நாப்பத்தொரு பக்கம் அழிக்கணும்."