மாஸ்டர் திருத்திப் போட்ட கோடு

தையல் கடை கட்டிங் மாஸ்டரின் காலில் கத்தரி விழுந்து கீறியது ஒரு திங்கட்கிழமை. "இதெல்லாம் ஒரு காயமா?" என்று ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சச் சட்டைகளையும் வெட்டி முடித்தார். வியாழனன்று முழங்காலுக்குக் கீழே வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. பொத்தான் தைக்கும் அக்கா திட்டித் தீர்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்.

நர்ஸம்மா மாத்திரை கொடுத்தாள். சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

"இப்போதைக்குக் கிருமி இந்த எடத்தோட நிக்குது. வீக்கம், செவப்பு, வலி எல்லாம் இங்க மட்டும்தான். உடம்பு அத மடக்கிப் பிடிச்சு வச்சிருக்கு. செவப்பு இந்தக் கோட்டத் தாண்டினா உடனே வாங்க. குளிர் நடுக்கம், மூச்சு வாங்கறது, புத்தி தடுமாறறதுன்னு வந்தா, விஷயம் காலோட நிக்கல, உடம்பு பூரா போயிருச்சுன்னு அர்த்தம். அப்ப ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது. தினம் பாத்துக்க வீட்ல யாரு இருக்கா?"

"பொண்ணு இருக்கா," என்றார் மாஸ்டர்.

பச்சைப் பொய். மகள் கல்யாணமாகி வெகுதூரம் போய் ஆறு வருஷம். ஞாயிறுதோறும் போன் வரும். "எப்படிப்பா இருக்க?" "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." அதோடு முடிந்தது பேச்சு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் வாய் திறப்பது ரேடியோ மட்டும்தான். அதை நர்ஸிடம் சொல்ல அவருக்குக் கூச்சம்.

வெள்ளிக்கிழமை குளித்ததில் கோடு மங்கிவிட்டது. மங்கிய கோட்டைப் பார்த்தால் மாஸ்டரின் கை சும்மா இருக்குமா? முப்பத்தைந்து வருஷமாக அழிந்த சாக்பீஸ் கோட்டைத் திருத்திப் போட்ட கை. பேனாவை எடுத்து, அன்றைக்குச் சிவப்பு எதுவரை இருந்ததோ அதுவரை, வளைவு பிசகாமல் வரைந்தார். சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிறும் அப்படியே. சிவப்பு கோட்டுக்குள் சமர்த்தாக இருந்தது. கோடுதான் முழங்காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது! அட மனுஷா, பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் "நேத்து கீழதானே இருந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாரா?

அன்று மகள் பேசியபோது போர்வைக்குள் பற்கள் தந்தியடித்தன. "கல்லு மாதிரி இருக்கேம்மா," என்றார். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

மறுநாள் கடையில் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கைகளை வெட்டினார். வெட்டியது தெரியாமல் மூன்றாவதற்கும் கத்தரியை எடுத்தார். மாஸ்டரா இப்படி? பொத்தான் அக்கா கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஐயையோ, அனலா கொதிக்குதே!" ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

அதே நர்ஸம்மாதான். காலைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"நான் முழங்காலுக்குக் கீழதானே போட்டேன்? இந்தக் கோடு எப்படித் தொடைக்கு வந்துச்சு?"

"அழிஞ்சிருச்சு. நான்தான் திருத்திப் போட்டேன்."

"உங்க பொண்ணு பாக்கலையா?"

மாஸ்டர் விட்டத்தைப் பார்த்தார். "பொண்ணு இங்க இல்லம்மா. யாரும் இல்ல."

நர்ஸம்மா பேனாவை எடுத்தாள். புதிதாக ஒரு கோடு போட்டாள். "இனிமே பேனாவத் தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்," என்றாள்.

இரண்டு நாள் பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நாளுக்கு மூன்று வேளை நர்ஸம்மா வந்து, குனிந்து, காலைத் தொட்டு, சிவப்பைப் பார்த்து, "இப்ப வலி எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே மாஸ்டர் தலையணையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்.

எட்டாம் நாள் அவள் சிரித்தபடி வந்தாள். "நல்லா சுருங்கிருச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

மாஸ்டர் போர்வையை விலக்கிக் காலை அவள் பக்கம் நீட்டினார்.

"ஓரத்துல இன்னும் கொஞ்சம் செவப்பா இல்ல? நல்லாப் பாருங்கம்மா," என்றார்.

அங்கே ஒன்றும் இல்லை. நர்ஸம்மா ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலை மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.