மறுப்புச் செய்தி

திருத்தணி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜம்புலிங்கம், காலையில் கடை திறந்து சாமி படத்துக்குச் சூடம் காட்டிய கையோடு, கைபேசியில் பொருளாதாரச் செய்தி ஒன்றைப் பேசிக் குழுவுக்கு அனுப்புவார். பஜார் வணிகர்களும் பள்ளிப்பட்டு விசைத்தறிக்காரர்களும் அதைத் தவறாமல் கேட்டார்கள். அன்றைய செய்தி சற்றுக் கனமானது. விசைத்தறிகளுக்குத் தரப்படும் மின்கட்டணச் சலுகை அடுத்த மாதத்தோடு நிற்கப்போகிறது என்று அறிவித்தார். வரவுக்கு மீறி இலவசம் கொடுத்தால் இப்படித்தான் முடியும் என்று தாம் முன்பே சொன்னதையும் பணிவோடு நினைவூட்டிவிட்டு வணக்கம் கூறினார்.

வந்த முதல் அம்மாளுக்குக் குக்கர் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளிப்பட்டிலிருந்து தங்கை மனோரமா அழைத்தாள்.

“அண்ணா, நீ பேசனத கேட்டுட்டு இவரு நாலு தறியையும் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்னு நிக்கிறாரு. கரண்டு பில்லு கட்டி ஓட்ட முடியாதாம். ஆளுங்க வண்டி எடுத்துகினு வந்துகினு இருக்காங்க. சேதி நெஜம்தானே?”

“நான் பாக்காம சொல்வேனாம்மா?”

அப்படிச் சொல்லி வைத்துவிட்டாரே தவிர, கவனம் கடையில் இல்லை; குக்கரின் விலையைக் கேட்ட அம்மாளிடம் வேறு பாத்திரத்தின் விலையைச் சொன்னார். தறி போனால் தங்கை வீட்டில் அடுப்பெரிய வேறு வழி கிடையாது.

அவர் ஏனோதானோவென்று செய்தி கேட்பவர் அல்லர். அரசாங்கமும் குடும்பம்போலச் சிக்கனமாக நடக்க வேண்டும், கோயிலும் குடும்பமும் இருந்தபடி இருக்க வேண்டும் என்பவர். அதற்கேற்ற செய்தியைத் தேடி அலைந்திருக்கிறார். தமிழ்ச் சேனல்கள் ஒவ்வொன்றும் ஒரு கட்சியின் வீட்டுப் பிள்ளையாக இருந்ததால் அவற்றை விட்டார். ஆங்கிலப் பத்திரிகை பங்குச் சந்தைக்காரர்களுக்கானது என்று அதையும் நிறுத்தினார். ஆந்திர எல்லையை ஒட்டிய அந்தப் பக்கத்தில் தெலுங்கு புரியாதவர் குறைவு; கடைசியில் அவர் வந்து சேர்ந்தது ஒரு தெலுங்குச் சேனலின் மாலை நிகழ்ச்சிக்கு. நம் ஊர்ச் சண்டையில் அவர்களுக்குப் பங்கில்லை என்பது அவர் கணக்கு. அதில் பேசும் பெரியவர் கத்துவதில்லை. ஜம்புலிங்கம் மனத்தில் நினைத்ததையே நிதானமாகச் சொல்வார். சலுகை நிற்கும் என்று நேற்று அவர் சொன்னபோது, ஜம்புலிங்கத்துக்கு அதைச் சரிபார்க்க வேண்டுமென்றே தோன்றவில்லை.

இப்போது தோன்றியது. கடைப் பையனிடம் கல்லாவை ஒப்படைத்துவிட்டு, எதிரே இருந்த மெஹபூப் பாஷாவின் மெக்கானிக் கடைக்குப் போனார். அங்கே செங்கொடிக் கட்சியின் நாளிதழ் வரும்.

“இன்னாண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா?” என்றார் பாஷா, ஸ்பேனரைக் கீழே வைக்காமல்.

“அந்தப் பேப்பர கொஞ்சம் குடு பாய்.”

“இதயா? உள்ள வந்து படிங்க. உங்க ஆளுங்க பாத்தா வியாபாரிங்க சங்கத்துலருந்து தூக்கிடப் போறாங்க.”

ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். நெசவாளிக்கு ஒரு முள் குத்தினாலும் முதல் பக்கத்தில் போடுகிற பத்திரிகை அது. சலுகை பறிபோவது உண்மையானால் இந்நேரம் தெருவையே இரண்டாக்கியிருக்கும். அதில் ஒரு வரிகூட இல்லை. தமக்குப் பிடிக்காதவர்களின் மௌனம் அவருக்கு அப்படியொரு பயத்தைக் கொடுத்தது.

அங்கேயே நின்று, நேற்றைய நிகழ்ச்சியைக் கைபேசியில் முதலிலிருந்து போட்டார். நேற்று கடை அடைத்துப் போய் அவர் உட்கார்ந்தபோது நிகழ்ச்சி பாதி முடிந்திருந்தது. தொடக்கத்திலேயே பெரியவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இது ஆந்திராவில் ஒரு குழு கொடுத்த யோசனை, அரசு இன்னும் ஏற்கவில்லை.

பாஷா எட்டிப் பார்த்தார். “இன்னாண்ணே, வேர்க்குது?”

“ஒண்ணுமில்ல பாய்.”

தங்கையின் கணவர் தணிகைமணியை அழைத்தார், எடுக்கவில்லை. மனோரமாவை அழைத்து, செய்தி தவறு என்றார். “நான் சொன்னா கேக்க மாட்டேன்றாரு. நீயே வந்து சொல்லு,” என்றாள்.

அவளிடம் மட்டும் சொல்லிக் காதும் காதும் வைத்ததுபோல் முடித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். தணிகைமணியைப்போல இன்னும் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ என்ற நினைப்பு அவரைத் தடுத்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, காலையில் சொன்ன செய்தி தவறு, அது நம் மாநிலத்துடையது அன்று, யாரும் அவசரப்பட வேண்டாம், மன்னிக்கவும் என்று பேசிக் குழுவுக்கு அனுப்பினார். பாஷாவிடம் நாளிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரைப் பள்ளிப்பட்டுச் சாலையில் விரட்டினார்.

தறிக்கூடத்தின் வாசலில் பழைய இரும்புக்காரர்களின் வண்டி நின்றது. உள்ளே ஒரு தறி வெட்டுப்பட்டுக் கிடந்தது. இரண்டாவதன்மேல் நெருப்புப் பொறி பறந்தது.

“நிறுத்தச் சொல்லு மாப்ள. நான் அனுப்பனத கேட்டியா இல்லியா?”

“ஆங், கேட்டேன் பாவா.” தணிகைமணி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “யாரு மெரட்டுனது?”

“யாரும் மெரட்டல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

“அப்டித்தான் சொல்லச் சொல்வாங்க. நெஜத்தச் சொன்னவன மறுநாளே மறுப்பு சொல்ல வெப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னது உண்மைதான். எந்தச் செய்திக்கோ, எந்த மாதத்திலோ சொன்னார். பையிலிருந்த நாளிதழை எடுத்து நீட்டினார்.

“இதுல ஒரு வரி இல்ல, பாரு.”

“இதயா காட்டுறீங்க? பஜ்ஜி மடிக்கக்கூட லாயக்கில்லன்னு சொன்ன பேப்பர?” தணிகைமணியின் பார்வையில் கோபம் இல்லை, பெரிய மனிதர் ஒருவரை யாரோ அடக்கிவிட்டார்களே என்ற பரிதாபம்தான் இருந்தது.

மனோரமா குறுக்கே வந்தாள். “அண்ணன் பேச்சும் வேணாம், பேப்பரும் வேணாம். அந்தத் தெலுங்கு ஆளு பேசனத போடு. இவரே கேக்கட்டும்.”

கூடத்துக்குள் சிக்னல் இல்லை. தெருவுக்கு வந்து, வண்டியை ஒட்டி நின்று போட்டார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே வெட்டும் சத்தம் நிற்கவில்லை. ஒருவழியாகப் பெரியவர் வாய் திறந்தார். தணிகைமணி தலையைச் சாய்த்துக் கேட்டார்; முதல் வாக்கியங்களிலேயே அவர் முகம் மாறியது. உள்ளே ஓடி ஆட்களை நிறுத்தினார். திரும்பி வந்தபோது மெதுவாகத்தான் பேசினார்.

“ரெண்டு போச்சே பாவா.”

மனோரமா அண்ணனைப் பார்க்காமல் கூடத்துக்குள் போனாள்.

ஜம்புலிங்கத்தின் கையிலிருந்த கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. குழுவில் பதில்கள் வந்து விழுந்தன. ‘பயப்படாதீங்கண்ணா.’ ‘புரிஞ்சுது, நீங்க வெளிப்படையா பேச முடியாது.’ ‘மொத சொன்னதுதான் நெஜம், எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.’ இத்தனை ஆதரவு அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

வாசற்படியில் உட்கார்ந்து, குழுவில் முதலில் இருந்த பெயரை அழைத்தார். மணி அடித்ததும் எடுத்துவிட்டார்கள்.

“சொல்லுங்கண்ணா. பக்கத்துல யாருனா இருக்காங்களா? இருந்தா ஆங்னு மட்டும் சொல்லுங்க.”

“அதெல்லாம் யாரும் இல்லப்பா,” என்றார் ஜம்புலிங்கம். “கொஞ்சம் பொறுமையா கேளு. முதல்ல இருந்து சொல்றேன்.”